முறுக்கு வெடிப்பதும் அதிரசம் கரைவதும் ஏன்? தீபாவளிப் பலகாரம் சுடுபவர்களுக்கு

தீபாவளி நெருங்கும் நாட்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொள்ளும். பலகாரம் சுடுபவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். அரிசியில், மாவில், பாகில், டின்னில் என்று எங்கோ ஓரிடத்தில் ஈரம் கூடியோ குறைந்தோ போவதால்தான் பெரும்பாலான பலகாரம் கெடுகிறது. எந்த இடத்தில் என்று தெரிந்தால் பாதியிலேயே சரிசெய்துவிடலாம்.

மாவு

முறுக்குக்குப் பச்சரிசியைக் கழுவி, நிழலில் துணி விரித்து நன்றாகக் காயவிடுங்கள். ஒரு கிலோ அரிசிக்கு 250 கிராம் வெள்ளை உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை, லேசாகப் பொன்னிறம் தட்டும்வரை மட்டும் வறுக்க வேண்டும். சிவந்துவிட்டால் முறுக்கு கறுக்கும், கசக்கும்.

பண்டிகை நேரத்தில் மில்லில் ஒரே இயந்திரத்தில்தான் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைபடும். உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். அரிசி அரைத்தவருக்குப் பின்னால் நிற்பது நல்லது. அதற்கு வழியில்லையென்றால் முதலில் விழும் இரண்டு கைப்பிடி மாவைத் தனியாக எடுத்து வையுங்கள். மில்லிலிருந்து வரும் மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டின்னில் போட்டு மூடினால் மூடிக்கு அடியில் வியர்த்து, விடிவதற்குள் கட்டி கட்டியாகி முடை வாடை வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் துணியில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு முறை சலித்து எடுத்து வையுங்கள்.

கடை மாவு வாங்குபவர்கள் பாக்கெட்டில் 'தெப்போங் பெராஸ்', அதாவது மலாயில் அரிசி மாவு, என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருக்கும் 'தெப்போங் பூலுட்' ஒட்டரிசி மாவு. அது முறுக்குக்கு ஆகவே ஆகாது. எண்ணெயில் உப்பி வெடிக்கும், தப்பி வந்ததும் ரப்பராக இழுக்கும்.

முறுக்கு

ஒரு கிலோ அரிசி மாவு, 250 கிராம் உளுத்த மாவு, 100 கிராம் வெண்ணெய், மட்டமாக நான்கு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ஓமம், கால் தேக்கரண்டி பெருங்காயம். தண்ணீர் 850 முதல் 900 மில்லி வரை பிடிக்கும்.

மொத்தத்தையும் ஒரே நேரத்தில் பிசைய வேண்டாம். உலர்ந்த பொருட்களைக் கலந்து நான்கு பங்காக்கி, பிழியப் பிழிய ஒவ்வொரு பங்காகப் பிசையுங்கள். பிசைந்த மாவு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் முறுக்கு சிவக்கும், எண்ணெயும் குடிக்கும். கடைசி ஈடு மட்டும் கறுத்துப் போகிறது என்பவர்கள் பெரும்பாலும் அடுப்பைக் குறை சொல்வார்கள். காரணம் காத்திருந்த மாவுதான்.

ஒரு பங்குக்கு 25 கிராம் வெண்ணெய் போட்டு, முதலில் மாவில் விரல் நுனியால் தேய்த்துக் கலக்குங்கள். கையில் பிடித்தால் பிடியாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையுங்கள். அச்சில் போட்டு ஒரு தட்டில் ஒரு வரி பிழிந்து பாருங்கள். ஓரம் பிய்ந்து முள் முள்ளாக அறுந்தால் தண்ணீர் போதவில்லை, ஒரு கரண்டி தெளித்துப் பிசையுங்கள். கோடுகள் தெரியாமல் அமுங்கிப் படுத்தால் தண்ணீர் கூடிவிட்டது. மீதியிருக்கும் உலர்ந்த கலவையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சேருங்கள்.

கடிக்க முடியாமல் கல்லாக இருந்தால் வெண்ணெய் குறைவு, அல்லது எண்ணெய் போதுமான அளவு காயவில்லை. எண்ணெயில் போட்டதும் நூல் நூலாகப் பிரிந்தால் வெண்ணெய் அதிகம். அடுத்த பங்குக்கு வெண்ணெயே போடாமல் பிசைந்து, இதோடு கலந்துவிடுங்கள்.

வெடிப்பதுதான் ஆபத்து. மாவில் சலிக்காத குருணை இருந்தாலும், அச்சுக்குள் காற்று இடைவெளி விட்டு மாவை அடைத்தாலும், மேல்புறம் சட்டென்று இறுகி உள்ளே ஆவி மாட்டிக்கொள்ளும். அது வழி கிடைக்காமல் எண்ணெயோடு தெறிக்கும். அதனால் சலிப்பதை ஒருபோதும் விடாதீர்கள். அச்சில் மாவைப் போட்டதும் கட்டை விரலால் நன்றாக அழுத்துங்கள். எள் சேர்ப்பதாக இருந்தால் கழுவி முழுக்கக் காய்ந்த எள்ளாக இருக்க வேண்டும்.

எண்ணெயின் சூடு 170 முதல் 180 டிகிரி. வெப்பமானி இல்லையென்றால் சுண்டைக்காய் அளவு மாவைப் போடுங்கள். அடியில் போய் உடனே மேலே வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் இன்னும் காயட்டும். வந்ததும் சிவந்தால் சூடு அதிகம். குவாலியில் (வாணலியில்) ஒரு நேரத்தில் நான்கைந்துக்கு மேல் போடாதீர்கள். கூட்டம் சேர்ந்தால் எண்ணெயின் சூடு இறங்கி, அத்தனையும் எண்ணெய் குடிக்கும்.

எப்போது எடுப்பது என்பதற்கு நிறத்தை மட்டும் நம்பாமல் சத்தத்தையும் கேளுங்கள். முறுக்கு போட்டதும் எழும் சலசலப்பு மாவிலிருந்து வெளியேறும் ஈரத்தின் சத்தம். அது அடங்கி, குமிழிகள் ஒன்றிரண்டாகக் குறைந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நிறம் வந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எடுத்தால் அன்று மொறுமொறுப்பாக இருக்கும், இரண்டாம் நாள் நமுத்துவிடும்.

தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைபவர்கள் வெண்ணெயைப் பாதியாக்குங்கள். ருசி தனிதான். ஆனால் சீக்கிரம் சிவக்கும், தண்ணீரில் பிசைந்ததைப் போல் நாள் தாங்காது. வந்தவர்களுக்குப் போட்டு முதல் வாரத்திலேயே தீர்ப்பதற்கு மட்டும் அதைச் சுடுங்கள்.

வாசலில் விறகடுப்பு மூட்டிச் சுடும் வீடுகளில் இன்னொரு கவனம் வேண்டும். சிங் எனும் தகரக் கூரையின் ஓரம் சொட்டும் இடத்துக்கு அடியில் அடுப்பு இருக்கவே கூடாது. காய்ந்த எண்ணெயில் நான்கு சொட்டு மழைத்தண்ணீர் போதும், பொங்கித் தெறிப்பதற்கு. ரப்பர் விறகு வேகமாக எரியும். சூடு ஏறினால் தண்ணீர் தெளிக்காமல் கட்டையை வெளியே இழுங்கள். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. விறகை இழுத்துவிட்டு, அல்லது கேஸை அடைத்துவிட்டு, பெரிய மூடியால் மூடுங்கள்.

அதிரசம்

இதற்குக் காய்ந்த மாவு உதவாது. கடை மாவில் அதிரசம் விரிந்து போவதும் இதனால்தான். ஒரு கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் பரப்பி நிழலில் இருபது நிமிடம் போல விடுங்கள். அள்ளிப் பிடித்தால் உள்ளங்கையில் நான்கு அரிசி ஒட்ட வேண்டும், கை நனையக் கூடாது. மழை நாளில் இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தப் பதத்தில் அரைத்துச் சலியுங்கள். ஈர அரிசியைச் சில மில்களில் வாங்க மாட்டார்கள், முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மிக்சியில் சிறுகச் சிறுக அரைத்தாலும் நன்றாகவே வரும்.

வெல்லம் 750 கிராம். 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மறுபடியும் அடுப்பில் ஏற்றுங்கள். ஏலக்காய் பத்து, சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி. பாகு நுரைத்துக் கெட்டியாகத் தொடங்கியதும் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் கூட்டினால் மெத்தென்று உருள வேண்டும், தட்டில் போட்டால் சத்தம் வரக் கூடாது. 'டக்' என்று சத்தம் கேட்டால் பாகு முற்றிவிட்டது. இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து மறுபடியும் பாருங்கள். வெல்லத்துக்குப் பதில் குலா மெலாகா (தென்னை வெல்லம்) போடுபவர்கள் கவனிக்க: கட்டிக்குக் கட்டி அதன் ஈரம் மாறும். போன முறை இத்தனை நிமிடம் கொதித்தது என்ற கணக்கு அதில் செல்லாது, பதம் மட்டுமே பேசும்.

அடுப்பை அணைத்துவிட்டு மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறுங்கள். ஒரு கப் மாவைக் கடைசிவரை தனியாக வைத்திருங்கள், தேவைப்படாமலும் போகலாம். இட்லி மாவைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மெதுவாக விழும்போது நிறுத்துங்கள். தளர்வாக இருக்கிறதே என்று பயந்து மேலும் மாவைக் கொட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. ஆறினால் தானே இறுகும். மேலே நெய் தடவி மூடி, ஒரு நாளாவது விடுங்கள்.

மறுநாள் ஒன்றே ஒன்றைத் தட்டி எண்ணெயில் போட்டுப் பாருங்கள். கரைந்து பிரிந்தால் பாகு பதம் போதவில்லை. மீதி வைத்த மாவிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்து, அரை மணி கழித்து இன்னொன்றைப் போடுங்கள். மாவை மறுபடியும் அடுப்பில் வைக்காதீர்கள், கட்டி தட்டும். தட்டும்போதே ஓரம் வெடித்தால் பாகு முற்றிவிட்டது என்று அர்த்தம். சுடுநீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து இளக்குங்கள்.

தீ முறுக்குக்கு வைத்ததைவிடக் குறைவாக இருக்கட்டும், 150 டிகிரி சுற்றி. வெல்லம் சீக்கிரம் கருகும், வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். எடுத்ததும் சூட்டோடு இரண்டு சாரணிக்கு நடுவில் வைத்து எண்ணெயை அழுத்தி எடுங்கள்.

அச்சு முறுக்கும் நெய் உருண்டையும்

அச்சு முறுக்குக்கு 500 கிராம் அரிசி மாவு, 250 கிராம் சீனி, ஐந்து முட்டை, ஏறக்குறைய 600 மில்லி தேங்காய்ப்பால். மாவு அச்சில் ஒட்டவில்லையா? அச்சின் சூடு சரியில்லை. எண்ணெயிலேயே வைத்துச் சூடேற்றி, உதறிவிட்டு, முக்கால் உயரத்துக்கு மட்டும் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் பூ கழன்று வராது. புது அச்சை முதல் நாள் இரவே எண்ணெயில் ஊறப்போடுங்கள். அரிசி மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டுத் தோயுங்கள்.

நெய் உருண்டை உதிர்ந்தால் நெய் சூடு போதவில்லை. பயற்றமாவும் சீனிப் பொடியும் கலந்த பிறகு நெய்யை நன்றாகச் சூடாக்கி, கொஞ்சம் மாவில் மட்டும் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிடியுங்கள். எல்லா மாவிலும் ஒரேயடியாக ஊற்றினால் பாதி பிடிப்பதற்குள் ஆறிவிடும்.

எடுத்து வைப்பது

முறுக்கைக் காலையில் சுட்டு, மழைக்கு முன்பே முழுக்க ஆறவிட்டு மூடிவிடுங்கள். தொட்டால் துளிச் சூடு இருந்தாலும் மூடக் கூடாது. போன வருஷத்து டின்னில் பழைய எண்ணெய் வாடை தங்கியிருக்கும். சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள். விருந்தாளிகளுக்கு எடுக்கப் பெரிய டின்னைத் திறந்து திறந்து மூடாமல், அன்றைக்குத் தேவையானதைச் சின்ன டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நமுத்துப்போன முறுக்கை அவன் அடுப்பில் (oven) 120 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் பழையபடி நொறுங்கும். மறுபடியும் எண்ணெயில் போடாதீர்கள். காறல் வாடை வந்துவிட்டால் அதற்கு மருந்தில்லை, கொட்டிவிடுங்கள்.