பழநி நடைக்கு முழங்காலைப் பழக்கிய விதம்

முழங்கால் வலி ஏறும்போது இல்லை. குன்றக்குடி மலைப்படி இறங்கும்போதுதான் வந்தது. தொடைத்தசை தளர்ந்ததுதான் காரணம். இறங்கும்போது உடம்பின் கனத்தைத் தாங்கி நிறுத்துவது அந்தத் தசை. அது சோர்ந்தால் பாரமெல்லாம் மூட்டுக்குப் போகும்.

தைப்பூசத்துக்கு 12 வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்கினேன். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக உட்கார வேண்டும். 10 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். பொத்தென்று உட்கார்ந்தால் பயன் குறைவு, மெதுவாக இறங்கும்போது தசை நன்றாக வலுக்கும். பிறகு வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தூணைப் பிடித்தபடி குதிகாலை 15 முறை உயர்த்துவது. நடை முதல் வாரம் 3 கிலோமீட்டர். பிள்ளையார்பட்டியிலிருந்து குன்றக்குடி போய்த் திரும்பியது ஆறாம் வாரத்தில்தான். அவசரப்பட்டுத் தூரத்தைக் கூட்டினால் மூட்டு வீங்கும்.

கொப்புளத்துக்குக் காரணம் ஈரமும் உராய்வும். விரலிடுக்கை உலரத் துடைத்து, குதிகாலில் துணி பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். ஒரு சின்னச் சுருக்கம் போதும், அந்த இடத்திலேயே கொப்புளம் எழும்பும். எழும்பிவிட்டால் தோலை உரிக்கக் கூடாது.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். பாதம் மரத்திருந்தால் முள் தைத்ததும் தெரியாது, தார் சுட்டதும் தெரியாது. செருப்போடு வந்தவரை முருகன் தள்ளி நிறுத்துவதில்லை. இரவு தங்குமிடத்தில் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.