கைன்-ரா-ரா: ஒரு வேர்ச்சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி?

குர்ஆன் ஓதத் தெரியும், பொருள் தெரியாது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தால் போதும். அரபியில் ஏமாற்றைச் சொல்லப் பல வேர்கள் உண்டு. ‘மக்ர்’ என்றால் சூழ்ச்சி, ‘கிஷ்’ என்றால் கலப்படம், மோசடி. அரபுச் சொற்கள் பெரும்பாலும் மூன்று எழுத்து வேர்களிலிருந்து கிளைப்பவை. மேலே சொன்னவற்றை விட்டு கைன்-ரா-ரா என்ற வேரை எடுக்கிறேன். மற்றவற்றில் ஏமாற்றுகிறவனின் கைவேலை முன்னால் தெரியும். இதில் ஏமாறுகிறவனின் மனசு தெரியும். எனக்கு இது பிடித்துப்போகக் காரணம் அதுதான்.

படி 1: எந்தக் ‘க’ என்று பாருங்கள்

தமிழில் எழுதினால் காஃப், கைன் எல்லாமே ‘க’தான். இங்கே வருவது கைன். மஃரிப் என்றும் மக்ரிப் என்றும் நாம் எழுதுகிற தொழுகையின் பெயரில் வரும் அதே தொண்டை ஒலி. தொழுகைச் சட்டத்தில் அடிக்கடி காதில் விழும் மக்ரூஹ் (விரும்பத்தகாதது) வேறு. அதில் இருப்பது காஃப். நம் வேரில் வரும் ‘மக்ரூர்’ என்ற சொல்லைத் தமிழில் மட்டும் பார்த்துவிட்டு மக்ரூஹுக்குச் சொந்தக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வேரிலிருந்து வரும் இன்னொரு சொல் தமிழில் ‘கரூர்’ என்றே விழும். பேருந்து நிலையப் பலகை ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. அரபு எழுத்தைப் பார்க்காமல் இந்தப் பாடம் நகராது.

படி 2: அகராதியில் இடம் கண்டுபிடியுங்கள்

வினைச்சொல் ‘கர்ர’, அதாவது ஏமாற்றியது, மயக்கியது. ராவின் மேல் ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) இருப்பதால் கண்ணுக்கு இரண்டே எழுத்து தெரியும். ஷத்தை இரண்டு ராவாகப் பிரித்துக்கொள்ளுங்கள், மூன்று எழுத்து சரியாகிவிடும். ஹான்ஸ் வேர் (Hans Wehr) என்பவர் தொகுத்த அரபு அகராதியில் இப்படி இரட்டித்த வேர்கள் முதலில் வரும். கைன்-ரா தொடங்கும் இடத்திலேயே இதைப் பார்க்கலாம், கைன்-ரா-பா அதற்குப் பிறகுதான். இப்னு மன்ளூரின் பழைய அகராதியான லிசானுல் அரப் வேரின் கடைசி எழுத்தை வைத்து அடுக்கப்பட்டது. அங்கே ரா பாகத்துக்குப் போய், அதற்குள் கைனைத் தேட வேண்டும்.

படி 3: வசனங்களில் வைத்துப் பாருங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். 82:6-இல் (82-ஆவது அத்தியாயம், 6-ஆவது வசனம்) ‘மா கர்ரக்க பிரப்பிக்கல் கரீம்’ என்று வருகிறது: மனிதனே, கொடையாளனான உன் இறைவன் விஷயத்தில் உன்னை ஏமாற்றியது எது? கடைசியில் உள்ள ‘கரீம்’ காஃபில் தொடங்குவது, நம் வேர் அல்ல.

அடுத்து 31:33. உலக வாழ்க்கை உங்களை ஏமாற்றிவிட வேண்டாம், ‘கரூர்’ உங்களை ஏமாற்றிவிட வேண்டாம் என்கிறது. கைனுக்கு மேல் ஜபர் (‘அ’ ஒலிக் குறி) இருந்தால் ‘கரூர்’, ஏமாற்றுகிறவன். ஷைத்தானைக் குறிக்கிறது என்று விரிவுரையாளர்கள் பலர் சொல்கிறார்கள். அதே கைனுக்குப் பேஷ் (‘உ’ ஒலிக் குறி) போட்டால் ‘குரூர்’, ஏமாற்று. 3:185-இன் முடிவில் உலக வாழ்க்கையை ‘மதாஉல் குரூர்’, ஏமாற்றும் சுகப்பொருள் என்று சொல்லும் இடம் இதுதான். ஒரு குறி மாறினால் ஆள் போய் செயல் வந்துவிடுகிறது. வேகமாக ஓதுபவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

‘மக்ரூர்’ என்றால் பழைய வழக்கில் ஏமாந்தவன். இன்றைய அரபியில் தலைக்கனம் பிடித்தவனுக்குத்தான் அந்தப் பெயர். உர்தூவில் ‘குரூர்’ என்றாலே கர்வம். தன்னைப் பற்றித் தானே ஏமாந்தவன் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒட்டும். ‘கிர்ர்’ என்பது சூதுவாது தெரியாதவன். இது எப்போதும் திட்டு அல்ல. இறைநம்பிக்கையாளர் ‘கிர்ருன் கரீம்’, கள்ளமற்ற பெருந்தன்மைக்காரர் என்று அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது.

படி 4: எல்லாவற்றையும் ஏமாற்றில் கட்டாதீர்கள்

அகராதிப் பக்கத்தில் குதிரை வரும், திகைக்காதீர்கள். ‘குர்ரா’ என்றால் குதிரையின் நெற்றிச் சுட்டி. மாதத்தின் முதல் நாளுக்கும் அதே பெயர். மறுமையில் ஒளுவின் (தொழுகைக்கு முன் கழுவிக்கொள்வதின்) தடயத்தால் முகமும் கைகால்களும் ஒளிர வருவார்கள் என்ற ஹதீஸில் உள்ள ‘குர்ர்’ இந்தச் சுட்டிதான். ‘கிரார்’ என்றால் வாளின் கூர்விளிம்பு, அம்புமுனை அடிக்கும் அச்சு, கொஞ்சநேரத் தூக்கம். இன்றைய செய்தித்தாள்களில் ‘அலா கிரார்’ என்றால் ‘அதே மாதிரியில்’.

வெண்மை பளிச்சிடுகிறது, பளிச்சிடுவது ஏமாற்றுகிறது என்று கதை கட்ட ஆசையாக இருக்கும். வேண்டாம். வேர்களுக்கு மூலக்கருத்து தேடுவதையே வேலையாகக் கொண்ட இப்னு ஃபாரிஸ் (இறப்பு ஹிஜ்ரி 395) கூட இந்த வேருக்கு மூன்று தனி மூலங்கள் கொடுத்தார்: அச்சு, குறைவு, வெண்மையோடு சேர்ந்த மேன்மை. அவரே ஒன்றாக்க முயலாததை நாம் யூடியூபில் பத்து நிமிடத்தில் ஒன்றாக்க வேண்டியதில்லை.

படி 5: சந்தைக்குக் கொண்டுபோங்கள்

‘கரர்’ என்ற சொல்லை இஸ்லாமிய வங்கி பற்றிப் பேசும் எல்லோரும் சொல்வார்கள். நபியவர்கள் ‘பைஉல் கரர்’ என்ற விற்பனையைத் தடுத்ததாக ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. தண்ணீருக்குள் இருக்கும் மீன், வானத்தில் பறக்கும் பறவை, ஓடிப்போன ஒட்டகம் ஆகியவற்றை விற்பதைச் சட்ட அறிஞர்கள் உதாரணமாகச் சொல்வார்கள். விற்பவனும் இங்கே பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மீன் சிக்குமா என்று அவனுக்கே தெரியாது. அதனால் ‘மோசடி’ என்று மொழிபெயர்த்தால் தவறாகும், ‘நிச்சயமின்மை’ கிட்டத்தட்டப் பொருந்தும். வாங்குபவரை மயக்கும் வெளிப்புறமும் தெரியாத உட்புறமும் உள்ளது என்று பழைய அகராதிக்காரர்கள் விளக்கியது இன்னும் நன்று.

வழக்கமான காப்பீட்டை அறிஞர்கள் பலர் மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. எவ்வளவு கட்டுகிறோம் என்பது தெரியும், எவ்வளவு வரும், வருமா என்பது தெரியாது. அதற்கு மாற்றாக வந்ததுதான் தகாஃபுல் என்ற இஸ்லாமியக் காப்பீடு. மலேசியா 1984-இலேயே அதற்குத் தனிச் சட்டம் போட்டது.

படி 6: பயிற்சி

57-ஆவது அத்தியாயத்தைத் திறந்து 14, 20 ஆகிய வசனங்களில் இந்த வேரைத் தேடுங்கள். நான்கு இடம் வர வேண்டும். 14-இல் இரண்டு வினைகளும் ஒரு ‘கரூர்’ரும், 20-இன் கடைசியில் ஒரு ‘குரூர்’. அப்படியே 5:14-இல் ‘அக்ரய்னா’ என்று வருவதையும் பாருங்கள். கைனும் ராவும் இருக்கின்றன, ஆனால் இரண்டாவது ரா இல்லை. அது மூட்டிவிடுதல், தூண்டிவிடுதல் என்ற வேறு வேர்.