நாய் கடித்ததும் முதலில் குழாயடிக்குப் போங்கள்

சென்னை அயனாவரத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிளில் பால் போடுகிறேன். விடியற்காலை நாலரைக்குக் கிளம்புகிறவனுக்குத் தெருவில் துணை நாய்கள்தான். அதில் இரண்டு என்னைக் கடித்திருக்கின்றன. முதல் தடவை நான் செய்ததெல்லாம் தப்பு. இரண்டாவது தடவை பரவாயில்லை. பால் வாங்குகிற வீடுகளில் யாரையாவது நாய் கடித்தால் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதல் தடவை ஆடுசதையில் கடி. டீக்கடைக்காரர் பாசத்தோடு காபித்தூளை அள்ளி அப்பினார். நானும் மிச்சமிருந்த பாக்கெட்டையெல்லாம் போட்டுவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அந்தத் தூளைச் சுரண்டிக் கழுவியபோது வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். சோப்பும் தண்ணீரும் போதும்.

தண்ணீரைக் குழாயிலிருந்து ஓடவிட்டு, சோப்புப் போட்டு, முழுசாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமி நாயின் எச்சிலில் வருகிறது. காயத்தில் இறங்கி, நரம்பு வழியாக மெல்ல மூளைக்குப் போகும். அங்கே போய் நோய் தெரிய ஆரம்பித்தால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அந்தக் கிருமிக்கு மேல் தோல் கொழுப்பாலானது. சோப்பு பட்டால் கரைந்துவிடும். குளிக்கிற சோப்பு, துணி சோப்பு, எதுவானாலும் சரி. குடத்தை எண்ணிச் செலவழிக்கிற நம் ஊரில் பதினைந்து நிமிடம் தண்ணீரை ஓடவிடு என்றால் யாருக்கும் மனசு வராது. 'போதும்பா, சுத்தமாயிடுச்சு' என்று இரண்டாவது நிமிடமே சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டாவது கடியின்போது தெரு அடிபம்பில் இரண்டு பேர் மாற்றி மாற்றி அடித்தார்கள், நான் செல்போனில் மணி பார்த்துக்கொண்டே கழுவினேன். அப்புறம் பொவிடோன் அயோடின் என்கிற கிருமிநாசினி மருந்து இருந்தால் தடவலாம். இறுக்கிக் கட்டுப் போட வேண்டாம். ரத்தம் கொட்டினால் மட்டும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்தது ஊசி. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து மருந்து செய்த காலத்துக் கதை, எப்போதோ ஒழிந்துவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். எங்கள் பக்கம் கீழ்ப்பாக்கம், வடசென்னைக்கு ஸ்டான்லி, பாரிமுனை பக்கம் ராஜீவ் காந்தி, தெற்கே ராயப்பேட்டை. எமர்ஜென்சி ராத்திரியும் திறந்திருக்கும், விடியட்டும் என்று உட்கார வேண்டாம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி போடுகிறார்கள்.

ஆனால் தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றியே இன்னொரு மருந்து போட வேண்டும். இம்யூனோகுளோபுலின் என்று பெயர். தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை கிருமியைத் தடுத்து நிறுத்துவது அதுதான். ரத்தம் வந்த கடிக்கு நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 'காயத்தில் போடுற ஊசி உண்டா டாக்டர்?' என்று நீங்களே கேளுங்கள். வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசியும் போடுவார்கள்.

தேதிக் கணக்கில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 என்று சீட்டில் எழுதுவார்கள். முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம். திங்கட்கிழமை ஆரம்பித்தால் வியாழன், அடுத்த திங்கள், கடைசி ஊசி நாலு வாரம் கழித்து வரும் திங்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு கையிலும் சின்னதாக, கொசு கடித்த மாதிரி புடைக்கும். தனியாரில் சதையில் போட்டால் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசி. நான் தினசரி காலண்டரில் அந்தந்தத் தாளின் மூலையை மடக்கி வைத்தேன். நாலு வாரத்தில் காயம் ஆறி, கடித்ததே மறந்துபோகும்; அந்தக் கடைசித் தாளைக் கொஞ்சம் பெரிதாகவே மடக்குங்கள்.

குட்டி நாய்தானே, நகம்தானே பட்டது, வீட்டு நாய்தானே என்றெல்லாம் விடாதீர்கள். கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் போடலாம். கறி மீன் ஆகாது என்பது சும்மா, நான் ஏழாம் நாள் ஊசி போட்டு வந்து வஞ்சிரம் சாப்பிட்டேன்.

கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அதுவரை நன்றாக இருந்தால் கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். செத்துவிட்டாலோ காணாமல் போனாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். மாநகராட்சிக்குச் சொல்ல 1913. நாயைப் பிடித்துப் போய்க் கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, அதே தெருவில்தான் கொண்டுவந்து விடுவார்கள். காதோரம் சின்ன வெட்டு இருந்தால் அது ஆபரேஷன் ஆன நாய்.

இரண்டாவது தடவை எனக்கு இரண்டே ஊசி, 0-வும் 3-ம். காயத்தில் போடும் மருந்தும் தேவைப்படவில்லை. முதல் தடவை எல்லா ஊசியும் போட்டு முடித்த பழைய சீட்டைக் காட்டியதால்தான் அது நடந்தது. அதைக் காலிப் பால் கவரில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன்.