டிரவுட் மீன்பிடிப்பு: சட்டம் தடுக்கும் தவறுகளும், சட்டம் கண்டுகொள்ளாத தவறுகளும்

தூண்டில்காரர்களிடையே ஓர் அடிப்படை நியாயம் உண்டு. மீன் தானாக வந்து இரையைக் கடிக்க வேண்டும். குளிர்ந்த ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் நன்னீர் மீன் டிரவுட். அமெரிக்காவில் அதைப் பிடிப்பதற்கான விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறினாலும், பலவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த நியாயம்தான். ஆற்றில் இறங்குகிறவர்கள் செய்யும் பல தவறுகள் இதைச் சத்தமில்லாமல் மீறுகின்றன. அவற்றில் சில சட்டப்படி குற்றம். சிலவற்றை எந்த அதிகாரியும் கேட்கமாட்டார். இரண்டையும் ஒரே கண்டிப்போடு தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மீன்கள் கூட்டமாக நிற்கும் இடத்தில் தூண்டில் முள்ளை வீசி வெடுக்கென்று இழுத்தால், வயிற்றிலோ துடுப்பிலோ குத்தி ஏதாவது ஒன்று மாட்டும். டிரவுட்டை இப்படிப் பிடிக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். இதே வேலையைச் செய்துவிடும் நாசூக்கான முறைகள்தான் கண்ணில் படுவதில்லை. அலாஸ்காவில் சால்மன் மீன்கள் சினையிடும் காலத்தில், உருண்டு வரும் முட்டைகளைத் தின்ன ரெயின்போ என்ற வகை டிரவுட் பின்னாலேயே காத்து நிற்கும். முட்டை போலவே இருக்கும் சிறிய பிளாஸ்டிக் மணியைத் தூண்டில் நரம்பில் கோத்து, அதற்குக் கீழே முள்ளைக் கட்டுவார்கள். மீன் கவ்வுவது மணியை. முள் இருப்பது தள்ளி. இழுக்கும்போது நரம்பு வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போக, முள் வெளிப்பக்கமாக வந்து குத்துகிறது. இடைவெளி கூடக்கூட, அது கண்ணிலோ செவுளிலோ போய்க் குத்தும் ஆபத்தும் கூடும். அதனால்தான் மணியை முள்ளிலிருந்து 2 அங்குலத்துக்குள் பொருத்த வேண்டும், இல்லையென்றால் அது நரம்பில் தடையில்லாமல் நகர வேண்டும் என்று அலாஸ்கா விதி வைத்திருக்கிறது. 2 அங்குலம் என்பது உச்ச வரம்பு. அதைவிட நெருக்கமாகக் கட்ட யாரும் தடை சொல்லவில்லை. தற்செயலாக வாய்க்கு வெளியே முள் மாட்டிய மீனை அங்கே உடனே விட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிய மீனாக இருந்தாலும் சரி.

நியூ மெக்சிகோவில் நவாஹோ அணைக்குக் கீழே ஓடும் சான் வான் ஆற்றில் இன்னொரு பழக்கம் இருந்தது. நீரில் நின்றபடி காலால் அடிமண்ணைக் கிளறினால் புழுவும் பூச்சியும் கிளம்பி மிதக்கும். அவற்றைத் தின்ன டிரவுட் காலுக்குப் பின்னாலேயே வந்து நிற்கும். அப்புறம் தூண்டிலைக் கீழே தொங்கவிட்டால் போதும். இரை தூவி மீனைக் கூட்டுவதற்குச் சமம் என்று இதை அங்கே தடை செய்திருக்கிறார்கள். தடை இல்லாத ஆற்றிலும் இதைச் செய்யாதீர்கள். மீன்களுக்கு ஆண்டு முழுவதும் சோறு போடும் அடிமண்ணைத்தான் மிதித்துக் கெடுக்கிறோம்.

காலால் வரும் கேடு இதோடு நிற்பதில்லை. பெண் டிரவுட் வாலால் சரளைக்கற்களை அடித்துக் குழி பறித்து, முட்டையிட்டு, மறுபடி சரளையால் மூடிவிடும். சுற்றியுள்ள அடித்தரை பாசி படிந்து கறுத்திருக்க, அந்த இடம் மட்டும் வெளிர்நிறத்தில் திட்டாகத் தெரியும். டிரவுட் வகைகளில் ரெயின்போவும் கட்த்ரோட்டும் வசந்தத்தில் முட்டையிடும். பிரௌனும் புரூக்கும் இலையுதிர் காலத்தில். முட்டை பொரிப்பதற்குச் சற்று முன் ஒரே ஒருமுறை மிதித்தாலே 43 விழுக்காடு வரை அழியக்கூடும் என்று மொன்டானாவில் செய்து 1992-இல் வெளியான ஆய்வு காட்டியது. வளர்ச்சிக் காலம் முழுவதும் தினம் இருமுறை மிதித்தபோது இழப்பு 96 விழுக்காடு வரை போனது. அந்தத் திட்டின் மேல் காவல் நிற்கும் மீனைப் பிடிப்பது பல ஆறுகளில் சட்டப்படி குற்றமில்லை. ஆனாலும் அதைச் சாமர்த்தியம் என்று என்னால் ஏற்க முடியாது. அந்த மீன் இடத்தைவிட்டு நகராது, பசியில்லாமலும் கடிக்கும்.

பிடித்த மீனைத் திரும்ப நீரில் விடுவதிலும் தவறு நடக்கிறது. மீன் நீந்திப் போய்விட்டது, ஆகவே பிழைத்துவிட்டது என்று நம்புகிறோம். 1992-இல் வெளியான இன்னொரு சோதனையில், ரெயின்போ டிரவுட்டை முழுக்கக் களைப்படையச் செய்து நீரிலேயே விட்டபோது 12 விழுக்காடு இறந்தது. களைத்த மீனை 30 வினாடி காற்றில் வைத்தபோது அது 38 ஆனது; 60 வினாடி வைத்தபோது 72. ஒரு படம் எடுக்க ஆகும் நேரம் அவ்வளவுதான். மீனைக் கைவலையில், நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரை முன்பே குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. சுவிட்சர்லாந்து இதில் ஒரு படி மேலே போய், திரும்ப விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்திருக்கிறது. தின்பதற்கல்லாமல் ஓர் உயிரை ஏன் வதைக்க வேண்டும் என்ற அந்தக் கேள்வியை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

வெயில் காலத்தில் நீர் சூடானால் ஆக்சிஜன் குறையும், களைத்த மீன் தேறாது. மொன்டானாவில் தொடர்ந்து மூன்று நாள் நீரின் வெப்பம் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிக்கத் தடை விதிப்பார்கள். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு வெப்பமானியைப் பையில் வைத்திருங்கள்; 68 டிகிரி காட்டினாலே தூண்டிலைச் சுருட்டிவிடலாம்.

இரக்கமே தவறாகிப்போகும் இடமும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் 1994-இல் லேக் டிரவுட் என்ற வகை இருப்பது தெரியவந்தது. அது அந்த ஏரிக்குச் சொந்தமான மீனல்ல. அங்கேயே தோன்றி வாழும் கட்த்ரோட்டைத் தின்று பெருகியது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளுக்கு ஏறி வரும்போது கரடிகளுக்கு உணவாகும்; ஆழத்தில் கிடக்கும் லேக் டிரவுட் அந்தக் கரடிகளுக்கு எட்டாது. ஆகவே அந்த ஏரியில் பிடிபடும் லேக் டிரவுட்டை உயிரோடு விடக் கூடாது, கொன்றுதான் ஆக வேண்டும் என்பது விதி. கட்த்ரோட்டையோ காயமில்லாமல் விட்டுவிட வேண்டும். தாடைக்குக் கீழே சிவப்புக் கீற்று இருந்தால் கட்த்ரோட். கறுத்த உடலில் வெளிர்ப் புள்ளியும் ஆழமாகப் பிளந்த வாலும் இருந்தால் லேக் டிரவுட். கொன்றதைச் சமைக்க விருப்பமில்லாதவர்கள் அதன் காற்றுப்பையைக் குத்திவிட்டு, ஏரியின் ஆழமான பகுதியில் போட்டுவிடலாம்.