'ரிக்வெஸ்ட்' பக்கத்தில் 'ஃபார்' எப்போது வரும், எப்போது வராது?

முதல் வேலையில் சேர்ந்த மூன்றாவது வாரம், அக்கா கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டு மேனேஜருக்கு ஒரு மெயில் தட்டினேன். லீவு கிடைத்தது. கூடவே அந்த மெயிலை பிரின்ட் எடுத்து என் மேஜையில் வைத்திருந்தார். 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் ஃபோர் டேஸ் லீவ்' என்ற வரியில் 'ஃபார்' மட்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டிருந்தது. சரி, தப்பு போல என்று விட்டிருப்பேன், ஆனால் மேலே சப்ஜெக்ட் வரியில் 'ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்று அதே 'ஃபார்' இருந்தது, அதை அவர் தொடவே இல்லை. போய்க் கேட்கக் கூச்சம். இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஸ்பெல்லிங், 'டியர் சர்', கையெழுத்து இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

படி 1: அது பெயரா, வினையா என்று பாருங்கள்

எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். 'ரிக்வெஸ்ட்' பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். 'ரெக்கார்ட்' மாதிரி சொற்களில் பெயருக்கும் வினைக்கும் அழுத்தம் இடம் மாறும், இதில் அதுவும் கிடையாது, இரண்டுக்கும் 'க்வெஸ்ட்' மேல்தான் அழுத்தம். காதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நான் வைத்திருக்கும் சோதனை: முன்னால் 'மை' போட்டுப் பாருங்கள். 'மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' பொருந்துகிறதா? அப்படியானால் பெயர், 'ஃபார்' இருக்கட்டும். முன்னால் 'ஐ', 'வி' என்று செய்கிற ஆள் நிற்கிறாரா? அது வினை, 'ஃபார்' போடாமல் கேட்கிற பொருளை நேராக வையுங்கள்: 'ஐ ரிக்வெஸ்ட் ஃபோர் டேஸ் லீவ்'.

நாம் ஏன் இப்படித் தடுமாறுகிறோம்? 'ஆஸ்க் ஃபார் லீவ்' சரி, 'அப்ளை ஃபார் லீவ்' சரி. அதே வேலையைச் செய்கிற 'ரிக்வெஸ்ட்'டுக்கும் கை தானாக ஒரு 'ஃபார்' போட்டுவிடுகிறது.

இதற்கு நான் பார்த்த அருமையான உதாரணம் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 6(2)இன் ஆங்கில வாசகம், 'ரிக்வெஸ்ட் ஃபார் இன்ஃபர்மேஷன்' செய்கிற விண்ணப்பதாரர், 'ரீசன் ஃபார் ரிக்வெஸ்டிங் தி இன்ஃபர்மேஷன்' எதையும் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. முதலாவது பெயர், ஒட்டிக்கொண்டு 'ஃபார்' வருகிறது. இரண்டாவது வினை, நேராகத் தகவலுக்குப் போகிறது. (இரண்டாவதிலும் ஒரு 'ஃபார்' தெரிகிறதே என்று பதறாதீர்கள், அது 'ரீசன்' என்ற சொல்லுக்கு உரியது.) தகவல் கேட்கக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் தெரிந்துவைத்துக்கொள்ள நல்ல விஷயம்தான்.

படி 2: மூன்று வாக்கிய அச்சுகளில் ஒன்றை எடுங்கள்

கணக்கில் பேங்க் தவறுதலாக ஒரு சார்ஜ் பிடித்துவிட்டது, திருப்பித் தரச் சொல்லி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். பொருளைக் கேட்கலாம்: 'ஐ ரிக்வெஸ்ட் எ ரீஃபண்ட்'. ஆளைச் செய்யச் சொல்லலாம்: 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு ரீஃபண்ட் தி சார்ஜ்'. யார் செய்தாலும் சரி, நடந்தால் போதும் என்றால்: 'ஐ ரிக்வெஸ்ட் தட் தி சார்ஜ் பி ரீஃபண்டட்'. இந்த மூன்றாவதில் 'இஸ்' வராது, வெறும் 'பி'தான். 'ஷுட் பி' என்று எழுதினாலும் தப்பில்லை, பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அது சகஜம்.

'அவரிடம் கேட்டுக்கொண்டேன்' என்று தமிழில் யோசிப்பதால் 'ரிக்வெஸ்டட் டு ஹிம்' என்று எழுத வரும். அந்த 'டு' வேண்டாம், 'ரிக்வெஸ்டட் ஹிம்' போதும்.

படி 3: 'கைன்ட்லி'யை வெட்டுங்கள்

பள்ளிக்கூடத்து லீவ் லெட்டரில் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி 'ஐ கைன்ட்லி ரிக்வெஸ்ட் யூ' என்று போவோமே, ஞாபகம் இருக்கிறதா? அதில் 'நான் கனிவோடு கேட்கிறேன்' என்று நமக்கு நாமே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொள்கிறோம். கனிவு காட்ட வேண்டியது எதிரில் இருப்பவர்தானே. 'ரிக்வெஸ்ட்' என்றாலே பணிவு வந்துவிட்டது, அப்புறம் 'கைன்ட்லி'யும் 'ப்ளீஸ்'ஸும் எதற்கு? நான் இரண்டையும் வெட்டிவிடுவேன்.

படி 4: தமிழில் எந்தச் சொல் என்று பாருங்கள்

'வேண்டுகோள்'தான் நெருக்கமானது. 'கோரிக்கை' கொஞ்சம் வழுக்கும், ஏனென்றால் தொழிற்சங்கத்தின் 'பத்து அம்சக் கோரிக்கை' ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' ஆகிவிடும். மொழிபெயர்ப்பு ஆப்பை நம்பி 'என் கோரிக்கை' என்று அடித்தால் சில சமயம் 'மை டிமாண்ட்' வந்து நிற்கும், அதை அப்படியே மேலதிகாரிக்கு அனுப்பிவிடாதீர்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்கிற 'மனு' பெட்டிஷன், 'விண்ணப்பம்' அப்ளிகேஷன்.

ஆப்பை விட எனக்கு ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் அகராதிதான் பிடிக்கும். அர்த்தத்தோடு நிற்காமல், சொல்லுக்குப் பின்னால் பொருள் வருமா, ஆள் வருமா, 'தட்' வருமா என்று அச்சையே காட்டிவிடும். சில பிழைதிருத்தும் கருவிகள் சிவப்புக்கோடு போடும், ஏன் என்று சொல்லாது, எங்கள் மேனேஜர் மாதிரி.

இன்னொன்று, பக்கத்து சீட் நண்பரிடம் ஃபைல் கேட்கும்போது 'ஐ ரிக்வெஸ்ட்' என்று எழுதினால் ஏதோ சண்டை போலத் தோன்றும். 'குட் யூ சென்ட் மீ தி ஃபைல்' போதும். 'யூ ஆர் ரிக்வெஸ்டட் டு' என்று நோட்டீஸில் வருவது 'கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்' மாதிரிதான், உள்ளே இருப்பது உத்தரவு.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் 'ஆன் ரிக்வெஸ்ட்' பற்றிக் கேட்டிருந்தார். வீட்டு விளம்பரத்தில் 'பிரைஸ் ஆன் ரிக்வெஸ்ட்' என்று பார்த்துவிட்டு, நாம் கேட்கிற விலைக்கே கொடுப்பார்கள் என்று நினைத்தாராம். இல்லைங்க, 'கேட்டால் விலை சொல்வோம்' என்றுதான் அர்த்தம். 'அட் யுவர் ரிக்வெஸ்ட்' என்றால் 'நீங்கள் கேட்டதன் பேரில்'. இரண்டிலும் 'ரிக்வெஸ்ட்' பெயர்ச்சொல்தான், 'மை' சோதனை இங்கேயும் வேலை செய்யும்: 'அட் மை ரிக்வெஸ்ட்'.