பாக்டீரியச் செல்சுவரில் உள்ள சர்க்கரைகளை அளப்பது எப்படி?

அளக்கத் தொடங்குமுன், எந்தச் சர்க்கரை தேவை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆய்வகங்களில் வளர்க்கப்படும் பேசில்லஸ் சப்டிலிஸ் 168 என்ற பாக்டீரிய வகையை எடுத்துக்கொண்டால், அதன் செல்சுவரின் வலைப்பின்னலான பெப்டிடோகிளைக்கனில் இருப்பவை என்-அசிட்டைல்குளுக்கோசமைன், என்-அசிட்டைல்மியூராமிக் அமிலம் என்ற இரு அமினோ சர்க்கரைகள் ஆகும். அதனோடு பிணைந்துள்ள டீக்காயிக் அமிலம் என்ற சங்கிலி மூலக்கூறிலோ குளுக்கோஸ் இருக்கிறது. 1956-இல் துபுவா குழுவினர் வெளியிட்ட ஃபீனால்–சல்ஃபூரிக் அமில முறை குளுக்கோசுக்கு நல்ல நிறம் தரும். அமினோ சர்க்கரைகளை ஏறத்தாழக் கண்டுகொள்ளாது. எனவே இம்முறையில் வரும் எண்ணைப் பெப்டிடோகிளைக்கனின் அளவு என்று எழுதிவிடக் கூடாது.

முதலில் சுவரைத் தூய்மைப்படுத்த வேண்டும். செல்களை 0.1 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகளோடு குலுக்கி உடைத்து, உடையாத செல்களை சென்ட்ரிஃப்யூஜின் மெதுவான சுழற்சியில் நீக்கியபின், சுவரை 4 விழுக்காடு எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்ற சலவைப்பொருள்) கரைசலில் அரைமணி நேரம் கொதிக்கவைத்து, எஸ்டிஎஸ் முற்றிலும் போகும்வரை வெதுவெதுப்பான நீரில் பலமுறை கழுவ வேண்டும். குளிர்ந்த சென்ட்ரிஃப்யூஜிலும் பொட்டாசியம் உள்ள பஃபரிலும் எஸ்டிஎஸ் வீழ்படிவாகிச் சுவரோடு தங்கிவிடும். அடுத்து, ஆர்என்ஏ, டிஎன்ஏவைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் நொதியும் புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சின் நொதியும் சேர்க்க வேண்டும். ஆர்என்ஏவின் ரைபோசும் ஃபீனால் முறையில் நிறம் தரும் என்பதால், இந்தப் படியை நேரமில்லை என்று தவிர்ப்பவர்கள் பிறகு விளக்கம் சொல்லத் திணறுவார்கள்.

உறையவைத்து உலர்த்திய சுவரை எடைபோட்டு நீரில் கலக்கி, 1 மில்லிலிட்டர் மாதிரியில் 1 மில்லிலிட்டர் 5 விழுக்காடு ஃபீனாலைச் சேர்த்து, 5 மில்லிலிட்டர் அடர் சல்ஃபூரிக் அமிலத்தைக் குழாயின் சுவரில் வழியவிடாமல் திரவத்தின் மேல் நேராக, விரைவாக ஊற்ற வேண்டும். வினையை நடத்துவது அப்போது எழும் வெப்பமே என்பதால் ஊற்றும் வேகம் குழாய்க்குக் குழாய் மாறினால் அளவும் மாறும். பத்து நிமிடம் விட்டு, கலக்கி ஆறவைத்து, 490 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் படிக்க வேண்டும். ஒப்பிட்டு அளவறிய, 10 முதல் 100 மைக்ரோகிராம் வரையிலான குளுக்கோஸ் நியமக் கரைசல்களையும் அதே தொகுதியில் சேர்க்க வேண்டும். குழாய்களைப் பஞ்சாலோ டிஷ்யூ தாளாலோ துடைக்கக் கூடாது. ஒட்டிக்கொள்ளும் ஒரு செல்லுலோஸ் இழையே, சர்க்கரை சேர்க்காத பிளாங்க் குழாயை ஆரஞ்சு நிறமாக்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆவியை வெளியேற்றும் ஃபியூம் ஹூடுக்குள் வேலை செய்ய வேண்டும்.

அமினோ சர்க்கரைகளுக்கு 4 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மூடிய குழாயில், 100 டிகிரி செல்சியசில் 4 மணி நேரம் நீராற்பகுப்பு செய்து, அமிலத்தை வெற்றிடத்தில் ஆவியாக்க வேண்டும். பிறகு எல்சன்–மார்கன் முறைப்படி அசிட்டைலசிட்டோனோடு காரக்கரைசலில் சூடாக்கி, நிறம் தரும் எர்லிக் வினைப்பொருளைச் சேர்த்து 530 நானோமீட்டரில் படிக்கலாம். நீராற்பகுப்பின்போது சர்க்கரையில் ஒரு பங்கு அழிவதால், குளுக்கோசமைன் நியமத்தையும் அதே அமிலத்தில் அதே நேரம் வைத்தெடுத்து இழப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். மியூராமிக் அமிலமும் இங்கே நிறம் தரும். அதைத் தனியே அறிய, காரத்தால் அதிலிருந்து லாக்டிக் அமிலத்தை விடுவித்து, அந்த லாக்டிக் அமிலத்தை நிறமானி முறையில், அதாவது நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு, அளக்கலாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் போதும் என்பது மாநிலப் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்குச் சிறிய செய்தியன்று. அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியம் பெரும்பாலும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விட, வேதிப்பொருளுக்கான பணம் ஆய்வுத் திட்டங்களிலிருந்தே வருகிறது. திட்ட விண்ணப்பத்தில், சர்க்கரைகளைத் தனித்தனியே பிரித்தளக்கும் குரோமட்டோகிராஃபி கருவி ஒன்றைக் கேட்கும் ஆவலில், அதன் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் அவ்வப்போது மாற்ற வேண்டிய பிரிப்புக் குழாய்களுக்கும் (column) தொகை கேட்க மறந்துவிடுகிறார்கள். திட்டம் முடிந்ததும் கருவி துணி போர்த்திக் கிடக்கிறது. நிறமானி முறைகளை ஆய்வகத்திலேயே செய்து, சர்க்கரைகளைப் பிரித்தறிய வேண்டிய சில மாதிரிகளை மட்டும், ஐஐடி மெட்ராசில் உள்ளதைப் போன்ற பொதுக் கருவி மையங்களுக்குக் கட்டணம் செலுத்தி அனுப்பலாம். அந்தக் கட்டணத்தை விண்ணப்பத்தில் தனித் தலைப்பாகவே காட்ட வேண்டும். மாதிரியை அவர்கள் எந்த வடிவில் ஏற்பார்கள் என்பதை, சுவரை உலர்த்துமுன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.