கிராஃபிக்ஸ் டிரைவர் அடிக்கடி மக்கர் செய்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போய், ஓரிரு நொடியில் திரும்ப வருகிறது. 'டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்கவில்லை' என்று ஒரு செய்தி. டிரைவர் என்பது, திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் கார்டோடு விண்டோஸ் பேச உதவும் மென்பொருள். டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் நாலு நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் பழைய கதைதான். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள டெஸ்க்டாப்பில் இப்படி நடந்தால், மறுபடியும் டிரைவரை டவுன்லோடு செய்ய உட்காராதீர்கள். தொல்லை திரும்பத் திரும்ப வருகிறது என்றால், காரணம் டிரைவருக்கு வெளியே இருக்கவும் நிறைய வாய்ப்பு உண்டு.

விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் கிராஃபிக்ஸ் கார்டைக் கண்காணித்து வருகிறது. கொடுத்த வேலைக்கு 2 நொடிக்குள் பதில் வராவிட்டால், கார்டு உறைந்துவிட்டதாக முடிவு செய்து டிரைவரை மறுபடி தொடங்கிவிடும். கார்டு ஏன் உறைந்தது என்பது அதற்குத் தெரியாது. மின்சாரம் போதவில்லையா, சூடு ஏறியதா, ராமில் கோளாறா, எதுவாக இருந்தாலும் செய்தியில் அடிபடுவது டிரைவரின் பெயர்தான். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடியைக் கூட்டச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வேண்டாம், அது நோயை மறைக்கும், தீர்க்காது.

படி 1: எப்போது நடக்கிறது?

ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் தேடித் திறங்கள். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். அங்கே, டிரைவர் உறைந்து மீண்டதைக் குறிக்கும் 4101 என்ற எண்ணுள்ள பதிவுகளைத் தேடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கனமான கேம் ஓடும்போது மட்டும் நடக்கிறதென்றால் நேராகப் படி 4-க்குப் போகலாம். சும்மா பிரவுசரில் வீடியோ பார்க்கும்போதும் நடக்கிறதென்றால் டிரைவர் மேல் சந்தேகம் கூடும். கம்ப்யூட்டரே தானாக அணைந்து ரீஸ்டார்ட் ஆகி, கெர்னல் பவர் 41 என்ற பதிவும் இருந்தால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்.

படி 2: டிரைவரைச் சுத்தமாக நீக்குதல்

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழ் கார்டின் பெயர் இருக்கும். அதற்கான டிரைவரை என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்திலிருந்தே எடுங்கள். 'எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும்' என்று வரும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம். பழைய கார்டு என்றால் கவனம்: ஜிடிஎக்ஸ் 680, 780 போன்ற கெப்லர் தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசை டிரைவரே கடைசி.

அடுத்து டிடியு என்று எல்லோரும் சொல்லும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரை இறக்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை இப்போதே எழுதி வையுங்கள். சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றி விண்டோஸ் ஓடும் நிலைக்கு, போகும்போது கேட்கக்கூடும்.

இப்போது நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். பலர் விடுவது இதைத்தான். நெட் இருந்தால், நீங்கள் பழைய டிரைவரை நீக்கிய கையோடு விண்டோஸ் அப்டேட் தன்னிடம் இருக்கும் ஒரு டிரைவரைப் போட்டுவிடும். 'போன வாரம் சரியாகத்தானே இருந்தது' என்ற புலம்பலுக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய், பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. டிடியுவைத் திறந்து, ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) என்பதையும் உங்கள் நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்து, 'கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுங்கள். கம்ப்யூட்டர் திரும்ப வந்ததும், இறக்கி வைத்த டிரைவரை நிறுவிவிட்டு நெட்டை இணைக்கலாம்.

விண்டோஸ் மறுபடியும் கை வைக்காமல் இருக்க, கண்ட்ரோல் பேனலில் 'டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ்' தேடி 'நோ' வைக்கலாம். மற்ற சாதனங்களுக்கும் டிரைவர் தானாக வருவது இதனால் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: பின்னால் போவது

தொல்லை ஒரு அப்டேட்டுக்குப் பிறகு ஆரம்பித்ததா? டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராபர்ட்டீஸ், டிரைவர் டேப், ரோல் பேக் டிரைவர். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால், பழைய பதிப்பை நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள். ஒழுங்காக ஓடும் பதிப்பு கிடைத்துவிட்டால் கொஞ்ச காலம் அதிலேயே இருக்கலாம், அவசரம் ஒன்றுமில்லை.

படி 4: பெட்டியைத் திறக்கும் நேரம்

சுத்தமாக நீக்கிப் போட்ட புது டிரைவரிலும் பழைய டிரைவரிலும் அதே தொல்லையா? அப்படியென்றால் மென்பொருளை விட்டுவிடுங்கள். பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, தூசியைத் தட்டி, கிளிக் என்று பூட்டும்வரை திரும்பச் செருகுங்கள்.

மதர்போர்டு ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். மீதி பவர் கேபிள் வழியாகத்தான் வர வேண்டும்: 6 பின்னுக்கு 75, 8 பின்னுக்கு 150 வாட். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டைத் தலையை மாட்டாமல் தனித்தனியாக இரண்டு கேபிள் போடுங்கள். கார்டையோ ராமையோ ஓவர்கிளாக் செய்திருந்தால், அதாவது இயல்பான வேகத்துக்கு மேல் ஓட்டினால், இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ராமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பியையும் அணைத்துப் பாருங்கள். ராம் தடுமாறினாலும் விழுவது டிரைவர்தான். கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் டேபில் ஜிபியு வெப்பநிலையையும் ஒரு கண் பாருங்கள்.

படி 5: கார்டை மாற்றிப் பார்ப்பது

நண்பரின் கம்ப்யூட்டரில் உங்கள் கார்டை மாட்டுங்கள். அங்கேயும் அதே தொல்லை, அல்லது டிவைஸ் மேனேஜரில் கோட் 43 (சாதனம் கோளாறு சொன்னதால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது) என்றால் கார்டு போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அங்கே ஒழுங்காக ஓடினால், உங்கள் பவர் சப்ளையை மாற்றிப் பாருங்கள், அதற்கும் பிறகுதான் மதர்போர்டு. வாரண்டியில் கொடுப்பதாக இருந்தால் 4101 பதிவுகளைப் படமெடுத்துக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் மாட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் தொல்லை வராமல் போகலாம்.